அந்த 90 விநாடிகள்

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைப் பலவீன நோய் உள்ள ஒருவருக்குத் தைமஸ் சுரப்பியை எடுக்கும் அறுவை. மயக்கம் கொடுக்க வேண்டியவள் நான். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் நரம்பின் சைகையை வாங்கும் ஏற்பிகள் ஏற்கெனவே குறைந்துபோன உடம்பு அது. மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ரோகுரோனியத்தை வழக்கமான அளவில் கொடுத்தால் தசைகள் அளவுக்கு மீறித் தளரும், நெடுநேரம் மீளாது. இன்னொரு தளர்த்தியான சக்சினைல்கோலினோ வழக்கமான அளவில் சரியாக வேலை செய்யாது. ரோகுரோனியத்தின் விளைவை முறிக்கும் சுகாமாடெக்ஸ் கையிருப்பில் இருந்திருந்தால் ரோகுரோனியத்தையே யோசித்திருப்பேன். அன்று இல்லை. தூங்கவைக்கும் ப்ரோபோஃபாலும் வலியை அடக்கும் ரெமிஃபெண்டனிலும் மட்டும் வைத்து ட்யூப் போடுவது என்று முடிவானது.

எனக்குப் பயம் இருந்தது. இதே முறையில் அதற்கு 2 மாதம் முன்பு ஒருவரிடம் தவறு செய்திருந்தேன். காதோர உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. முக நரம்பைக் கண்காணிக்க வேண்டியிருந்ததால் தளர்த்தி வேண்டாம் என்றோம். அவசரத்தில் ரெமிஃபெண்டனிலை ஒரே மூச்சில் தள்ளிவிட்டேன். மாஸ்க்கில் பையை அழுத்தினால் காற்றே இறங்கவில்லை. நெஞ்சு விறைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வேகமாகக் கொடுக்கும்போது குரல் நாண்களே இறுக மூடிக்கொள்ளும் என்பது அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை. தயாராக வைத்திருந்த சக்சினைல்கோலின் சிரிஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர் இன்னும் கொஞ்சம் ப்ரோபோஃபால் கொடுத்தார், காற்று இறங்கியது. நான் உடனே குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை நுழைத்தேன். நாண்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. ட்யூப் போகும்போது அவர் பலமாக இருமினார். 3 நாள் அவருக்குக் குரல் கம்மியிருந்தது. காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

இந்த முறை சீனியர் ஒன்றே ஒன்று சொன்னார்: "மருந்துக்கு நேரம் கொடும்மா."

முதலில் கிளைக்கோபைரோலேட், ஏனென்றால் ரெமிஃபெண்டனில் இதயத் துடிப்பை நன்றாகவே இறக்கும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் எபிட்ரினும் எடுத்து வைத்தாயிற்று. மாஸ்க்கில் ஆக்ஸிஜன். கிலோவுக்கு 2 மில்லிகிராம் ப்ரோபோஃபால். கண் மூடியதும் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் ரெமிஃபெண்டனிலை ஒரு நிமிடம் முழுக்க மெதுவாக ஏற்றினேன். அதன் பிறகு 90 விநாடி. சுவரில் கடிகாரம். மாஸ்க்கில் மெல்லக் காற்றூட்டியபடி நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கை லாரிங்கோஸ்கோப்பைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. தாடை தளர்ந்துவிட்டதே, இப்போதே பார்க்கலாமே என்று மனம் சொன்னது. தாடை தளர்வதும் குரல்வளை அடங்குவதும் ஒன்றல்ல என்பதைப் போன முறை கற்றிருந்தேன்.

நேரம் முடிந்ததும் பார்த்தேன். நாண்கள் விரிந்து, அசையாமல் இருந்தன. ட்யூப் இறங்கியது. இருமல் இல்லை, ஒரு விரல்கூட அசையவில்லை. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு மட்டும் 82க்கு இறங்கியது. 6 மில்லிகிராம் எபிட்ரினில் சரியானது. வயதானவராகவோ உடலில் நீர்ச்சத்து குறைந்தவராகவோ இருந்திருந்தால் இதே அளவைக் கொடுத்திருக்க மாட்டேன். தளர்த்தி கொடுக்கத் தடையேதும் இல்லாதவருக்கும் இந்த வழியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். தளர்த்தி இல்லாமல் போடும்போது சிரமமும் தொண்டைக் காயமும் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் முதல் நோயாளி அதற்கு என் கண்முன் சாட்சி.

ரெமிஃபெண்டனிலை ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள எஸ்டரேஸ் நொதிகளே சிதைத்துவிடும். எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் நிறுத்திய மூன்று, நான்கு நிமிடங்களில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். மூச்சுத் தசைகளே பலவீனமான ஒருவருக்கு இது பெரிய வரம். வலிநிவாரணமும் அதே வேகத்தில் போய்விடும் என்பதால் முதுகு வழியே வலி மருந்து செலுத்தும் எபிடியூரலை முன்பே போட்டிருந்தோம். அறுவை முடிந்து, சொன்னதும் தலையைத் தூக்கிக் காட்டினார். ஆழமாக மூச்சு விட்டார். ட்யூபை எடுத்தோம்.

மறுநாள் வார்டுக்குப் போய் அவரைப் பேசச் சொன்னேன். குரல் தெளிவாக இருந்தது.