ஹம்மிங் நின்றது: என் அசெம்பிள் 5.1 செட், நான்காவது மாதம்

நானே போர்டுகளைச் சேர்த்து அசெம்பிள் செய்த 5.1 ஹோம் தியேட்டர் ஆம்ப் செட்டில், பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஹம்மிங் நேற்று இரவு பத்தரை மணிக்கு நின்றது. வால்யூமை முழுதாகத் திறந்துவிட்டு, சப் ஊஃபர் கோனுக்கு நாலு விரல்கடை தூரத்தில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. செட் ஆனில்தான் இருக்கிறதா என்று எல்.இ.டி.யைப் பார்த்தேன். எரிகிறது. மறுபடி காதை வைத்தேன். அப்போதும் இல்லை. நான்கு மாதமாக இந்த ஒரு சத்தத்தோடுதான் வாழ்ந்துகொண்டிருந்தேன், அதனால் இதை எழுதாமல் தூங்கப் போக மனம் வரவில்லை.

செட் இதுதான். ஐந்து சேட்டிலைட்டுக்கும் (சின்ன ஸ்பீக்கர்கள்) டி.டி.ஏ. 7294 என்ற ஆம்ப் ஐ.சி. போட்ட போர்டு ஐந்து, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் (நடு முனைக்கு இரு பக்கமும் 24 வோல்ட்). அடி ஒலிக்கான சப் ஊஃபருக்கு 5200, 1943 டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி போட்ட போர்டு, அதற்குத் தனியாக 35-0-35. முன்னால் ஆப்டிகல், கோஆக்சியல் இரண்டு டிஜிட்டல் இன்புட்டும் உள்ள டால்பி, டி.டி.எஸ். டிகோடர் போர்டு, டிஜிட்டல் ஒலியை ஆறு சேனலாகப் பிரித்துத் தருவது இதுதான். சீரிஸ் லேம்ப் போட்டு முதல் தடவை ஆன் செய்தது, ஆஃப்செட் பார்த்தது எல்லாம் அசெம்பிள் செய்பவர்களுக்குத் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். பாட்டு முதல் நாளே நன்றாகத்தான் இருந்தது. பாட்டு நின்ற பிறகுதான் பிரச்சினை.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ஹம்மிங் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு சத்தங்கள். நான் இரண்டு மாதத்தை வீணடித்தது இதைப் பிரித்துக் கேட்கத் தெரியாததால்தான். ஒன்று 50 ஹெர்ட்ஸ். வாயை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்பது போல, மழமழவென்று இருக்கும். மெயின்ஸில் இருந்தோ, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தில் இருந்தோ, வெளியே போய்ச் சுற்றி வரும் எர்த்தில் இருந்தோ வருவது அது. இன்னொன்று 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அதில் ஒரு கரகரப்பு இருக்கும், வண்டு சிறகடிப்பது போல 'ர்ர்ர்' என்று வரும். ஏ.சி.யை டி.சி.யாக்கும் டையோடு பிரிட்ஜுக்குப் பிறகு மெயின் கண்டன்சர் சார்ஜ் ஆகும்போது பிறப்பது இது. என் செட்டில் இரண்டும் சேர்ந்து வந்தன. ஒன்றைச் சரி செய்தால் மற்றது தெளிவாகக் கேட்கும், செய்தது எதுவும் பலிக்கவில்லை என்று நினைத்துவிடுவேன்.

இதில் ஹாலும் என்னைக் குழப்பியது. நான் செட்டுக்கு நேர் எதிரே ஹாலின் நடுவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இப்போ கம்மி ஆயிருச்சு" என்பேன். அம்மா பக்கச் சுவரோரம் நாற்காலியில் இருந்து, "ஏம்ப்பா, ஃப்ரிட்ஜ் சத்தமா இது? அப்படியேதான் கேக்குது" என்பார். ஒரு நாள் அவர் இடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்படியேதான் கேட்டது. காரணம் கணக்கில் இருக்கிறது. எங்கள் ஹாலின் அகலம் 11 அடி. ஒலி வினாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது, ஆக 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6.86 மீட்டர், அதில் பாதி 11 அடிக்குச் சற்றே அதிகம். அதாவது இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே இந்த அலை அச்சாகப் பொருந்திக்கொள்கிறது. சுவரோரம் அழுத்தம் அதிகம், நட்ட நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். அன்றிலிருந்து ஹம்மிங் சோதனை எல்லாம் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்துதான். அதோடு மீட்டரும். ஸ்பீக்கர் டெர்மினலில் ஏ.சி. மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, சென்டர் சேனலை மட்டும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். ஆரம்பத்தில் 21.

முதல் குற்றவாளி கேபிள் டி.வி. வயர். செட்டாப் பாக்ஸில் இருந்து ஆடியோவை நேராக ஆர்.சி.ஏ. வயரில் (சாதாரண செம்பு ஆடியோ வயர்) எடுத்திருந்தேன். ஒரு நாள் பாக்ஸின் பின்னால் இருந்த கேபிள் வயரைக் கழற்றினேன், 'ம்ம்ம்' பாதிக்கு மேல் விழுந்தது. தெருக்கம்பத்தில் இருந்து வரும் அந்த வயரின் ஷீல்டு, அதாவது உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல், எங்கெங்கோ எர்த் ஆகியிருக்கும். நம் செட்டின் கேபினட் நம் வீட்டு எர்த்தில் இருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஆர்.சி.ஏ. ஷீல்டு வழியாக ஓட ஆரம்பித்துவிடும். ஆப்டிகல் வயருக்கு மாற்றியதும் அந்தப் பாதை அறுந்தது. வெளிச்சம் மட்டும்தானே போகிறது, செம்பே இல்லை. பாக்ஸை எச்.டி.எம்.ஐ.யில் டி.வி.க்குக் கொடுத்து, டி.வி.யில் இருந்து ஆப்டிகலில் டிகோடருக்கு எடுத்தேன். டி.வி.யின் சவுண்ட் மெனுவில் பி.சி.எம். என்று இருந்தால் ஆப்டிகலில் இரண்டு சேனல்தான் போகும், அதை ஆட்டோ அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றினால்தான் 5.1 வரும். மீட்டரில் 21 என்பது 9 ஆனது.

இதற்கு நடுவில் ஒரு கடையில் எனக்குக் கிடைத்த யோசனை: "தம்பி, பிளக்ல எர்த் பின்ன மட்டும் ஒடச்சு விடுங்க, எல்லாம் போயிரும்." போகும், உண்மைதான். ஆனால் உள்ளே 230 வோல்ட் வரும் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு, வெளியே இரும்புக் கேபினட். பிரைமரியின் இன்சுலேஷன் ஒரு நாள் விட்டுப்போனால் கேபினட் முழுக்கக் கரண்ட். வீட்டில் குழந்தைகள் வால்யூம் திருகும் செட் இது. எர்த் பின் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், ஹம்மிங்கை அதன் பாதையில்தான் பிடிக்க வேண்டும். இந்த யோசனையை யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மீதி 9 மில்லிவோல்ட்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. இப்போது முழுக்க 'ர்ர்ர்'. ஆம்ப் போர்டின் இன்புட்டைக் கிரவுண்டோடு (செட்டின் பூஜ்ய வோல்ட் பாதை) ஷார்ட் செய்தால் சுத்த அமைதி. அப்படியானால் போர்டில் குறையில்லை. சிக்னல் கொண்டுவரும் ஷீல்டு வயரை டிகோடரில் சொருகிய நொடியில் வந்துவிடுகிறது. டிகோடர் டப்பா என்று முடிவு கட்டி வேறொன்று வாங்கினேன். அதே சத்தம். கண்டன்சர் போதவில்லை என்று 10,000 எம்.எஃப்.டி. இரண்டோடு இன்னும் இரண்டு சேர்த்தேன். சத்தம் சற்றுக் கூடியது. அதுதான் எனக்குக் கிடைத்த துப்பு, அப்போது புரியவில்லை.

இனி அந்தத் துப்பு. டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையான சென்டர் டேப்பில் இருந்து இரண்டு மெயின் கண்டன்சரின் சந்திப்புக்கு வரும் வயரைப் பாருங்கள். அதில் கரண்ட் சீராக ஓடுவதில்லை. வினாடிக்கு 100 தடவை, கண்டன்சர் நிரம்பும் அந்தக் குட்டி நேரத்தில் மட்டும் பாய்ந்து வந்து நிற்கிறது. சராசரி ஒரு ஆம்பியர் என்றால் உச்சம் அதைப்போலப் பல மடங்கு. கண்டன்சரைப் பெரிதாக்கினால் பாய்ச்சல் இன்னும் கூர்மையாகும். நான் போட்டிருந்தது 40/76 வயர், சுமார் 10 சென்டிமீட்டர். அந்தத் துண்டின் தடை ஒன்றரை மில்லி ஓம்தான் இருக்கும். அதில் 10 ஆம்பியர் பாய்ந்தால் வயரின் இரண்டு முனைக்கும் நடுவே 15 மில்லிவோல்ட். 7294 போர்டில் 22 கே, 680 ஓம் போட்டிருப்பதால் கெயின், அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் அளவு, 33 மடங்கு. அந்த 15 மில்லிவோல்ட் அப்படியே இன்புட்டில் ஏறினால் ஸ்பீக்கரில் அரை வோல்ட் சத்தம். பாட்டு இல்லாதபோது அந்த வயரில் கரண்ட் மிகக் குறைவு, அதனால்தான் என் மீட்டரில் 9 மில்லிவோல்ட்தான்.

நான் செய்திருந்ததோ, டிகோடருக்குத் தனி 12 வோல்ட் வைண்டிங், தனி பிரிட்ஜ் எல்லாம் கொடுத்துவிட்டு, அதன் கிரவுண்டை எங்காவது சேர்க்க வேண்டுமே என்று கைக்கு வசதியாக இருந்த சென்டர் டேப் டேக்கில் (வயர் ஒட்டும் தகடு) சாலிடர் வைத்திருந்தேன். ஆம்ப் போர்டுகளின் கிரவுண்டு எல்லாம் கண்டன்சர் சந்திப்பில். ஆக அந்த 10 சென்டிமீட்டர் வயரின் ஒரு முனையில் டிகோடர், மறுமுனையில் ஆம்ப். மீட்டரில் கன்டின்யூட்டி பார்த்தால் எல்லாம் ஒரே கிரவுண்டுதான், பீப் அடிக்கும். அந்த பீப்பை நம்பித்தான் இத்தனை நாள் அந்த இடத்தைச் சந்தேகிக்கவே இல்லை.

நேற்று செய்தது மூன்று வேலை. ஒன்று, அந்த டேக்கில் இருந்த டிகோடர் கிரவுண்டைக் கழற்றினேன். இனி டிகோடரின் கிரவுண்டு ஆம்புக்கு வருவது ஆறு ஷீல்டு வயர் வழியாக மட்டும். இரண்டு, கண்டன்சர் சந்திப்பில் இருந்து ஒரு செம்புப் பட்டையை இரண்டு அங்குலம் வெளியே இழுத்து, அதன் நுனியில் ஒரு போல்ட் வைத்து, எல்லா போர்டின் பவர் கிரவுண்டு, ஸ்பீக்கர் ரிட்டர்ன், கேபினட் எர்த் எல்லாவற்றையும் அங்கேயே சேர்த்தேன். சந்திப்பிலேயே சேர்க்கக் கூடாது, அது சார்ஜிங் கரண்ட் ஓடும் பாதை. சப்பின் 35-0-35 சப்ளைக்கும் இதே மாதிரி பட்டை, அதே போல்ட்.

மூன்றாவதுதான் கஷ்டமான வேலை. ஆறு ஷீல்டும் ஆறு போர்டில் போய், அங்கிருந்து பவர் கிரவுண்டு வழியாக ஒரே போல்ட்டுக்கு வந்தால், அது ஒன்றோடொன்று கோத்த பல வளையம். ஒவ்வொரு போர்டிலும் சிக்னல் கிரவுண்டையும் பவர் கிரவுண்டையும் பிரித்து, நடுவே 10 ஓம் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் போர்டில் இரண்டும் ஒரே செம்புத் தடம். போர்டைக் கவிழ்த்து, டேபிள் லாம்ப்பைக் கிட்டே இழுத்து, புது பிளேடால் தடத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு கீறினேன். சாலிடரிங் அயர்ன் நுனியை அந்தத் துண்டின் மேல் வைத்து மூன்று எண்ணினால் செம்பின் ஒட்டு இளகி, அது பிளேடு நுனியோடு உரிந்து வரும். இன்புட்டின் 22 கே, ஃபீட்பேக்கின் 680 ஓமுக்குக் கீழே வரும் கண்டன்சர், இரண்டும் சிக்னல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கீற வேண்டும். முதல் போர்டில் இடம் மாறிக் கீறி, ஜம்பர் போட்டு ஒட்ட வேண்டியதாகிவிட்டது. அப்புறம் ஐந்தும் சரியாக வந்தன. ஒரு போர்டுக்கு அரை மணி.

ஆன் செய்தேன். மீட்டரில் 1க்கும் கீழே. மிச்சம் லேசான 'ம்ம்ம்' இருந்தது, அது ரியர் சேனல் இரண்டில் மட்டும். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்குரூவைக் கழற்றி, செட்டை ஆனில் வைத்தே, ரப்பர் கையுறையோடு அதன் இரும்புக் கட்டையை மட்டும் பிடித்து மெல்லத் திருப்பினேன். கால் சுற்று திரும்பியதும் சத்தம் அடியோடு மறைந்தது. அந்தக் கோணத்தில் மார்க்கரால் கோடு போட்டு, ஆஃப் செய்து, புதுத் துளை போட்டு முடுக்கியாயிற்று.

பொருள் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் விழுப்புரத்தில் இருந்து ரயிலில் எழும்பூர் போய், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில்தான் வாங்குவேன். போர்டு, ஹீட்சிங்க், ஷீல்டு வயர் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். ஆனால் 5200, 1943 வாங்கும்போது விலை மிகக் குறைவாக இருந்தால் கையில் எடுக்காதீர்கள். ஒரு கடையில் வாங்கிய நான்கில் இரண்டு முதல் வாரமே போயின. உடைத்துப் பார்த்தேன், உள்ளே இருந்த சிப் மிளகு அளவு. டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். காப்பர் வைண்டிங் என்று சொல்லி அலுமினியம் தருகிறார்கள், மேலே செம்பு பூசியும் வருகிறது. வயர் நுனியைச் சுரண்டினால் போதாது, வெட்டி, வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். எடையும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு நியாயமாகச் சுற்றித் தருபவர் எங்கள் ஊரிலேயே ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்காரர். ஸ்டாம்பிங் (உள்ளே அடுக்கும் இரும்புத் தகடு) முதல் வயர் வரை கண் முன்னால் எடுத்து வைத்துத்தான் சுற்றுவார்.

அடுத்தது வளைய வடிவ டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் போட ஆசை. கசியும் காந்தப் புலம் குறைவு, இப்படித் திருப்பிப் பார்க்கும் வேலை அநேகமாக இருக்காது. சப் பெட்டியும் 18 எம்.எம். பிளைவுட்டில் புதிதாகச் செய்ய வேண்டும். இப்போதைய பெட்டி ஒரு பக்கம் நடுங்குகிறது, உள்ளே குறுக்குக் கட்டை இல்லை. ஹாலின் 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் எகிறும், அதனால் சப்பை மூலையில் இருந்து நகர்த்தி வைத்தும் கேட்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்பு இந்தக் கட்டமே முடியவில்லை. ரியர் ஸ்பீக்கர் இரண்டும் இன்னும் ஸ்டூல் மேல்தான் நிற்கின்றன, வயர் தரையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் அண்ணன் வருகிறார். ஸ்விட்ச்போர்டுக்குப் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் வயரையும் விட்டுவிடலாம் என்றார், வேண்டாம் என்றேன். தனி கேசிங் பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். கேபினட் மூடியை அதன் பிறகுதான் முடுக்குவேன்.