உடனிருப்பவர் கையெழுத்து

2025 மார்ச் 3, திங்கள்

அப்பாவின் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்க முயன்றேன். கையை நீட்டினேன். இன்னும் நீட்டினேன். அதற்கு மேல் கை இல்லை. மகன் வந்து வாங்கி, ஒரே பார்வையில் படித்துவிட்டு, "இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கும்மா" என்றான். மாத்திரைக்குத்தான்.

மாலையில் கண் பரிசோதனைக்குப் போனேன். வெள்ளெழுத்து. 1.25 பவர். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லை குவிந்து தடிக்க வேண்டுமாம். வயது ஏற ஏற வில்லை இறுகிவிடுகிறது. சுற்றியுள்ள தசை தன் வேலையைச் செய்தாலும் அது அசைந்து கொடுப்பதில்லை. இந்த இறுக்கம் சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது, நாற்பதுகளில்தான் நமக்கு உறைக்கிறது என்றார் பரிசோதித்தவர். 46 வயதில் புதிதாக வந்தது என்று நான் நினைத்தது, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கூட வந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை 20ஆம் தேதி என்று முடிவாகிவிட்டது. படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கட்டம்: உடனிருப்பவர் பெயர், நோயாளிக்கு என்ன உறவு, கையெழுத்து.

எனக்கு 19 வயதில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று அந்தக் கட்டத்தில் அப்பா கையெழுத்துப் போட்டதைக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பேனாவை எடுத்து, படிக்காமலே போட்டார். கை நடுங்கவில்லை. அதனால் நானும் பயப்படவில்லை. இன்று அவர் என்னிடம், "பேனா இருக்காம்மா?" என்று கேட்டார். சட்டைப் பை காலியாக இருந்தது. எப்போதிலிருந்து காலி என்று எனக்குத் தெரியவில்லை.

பொறுப்பு கை மாறும் நாள் என்று ஒன்று இருக்கும், அன்று நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒரு நாள் வரவே இல்லை. முதலில் அவருக்கு இணையத்தில் பணம் அனுப்பிக் கொடுத்தேன். அப்புறம் மருத்துவரிடம் அவர் சொல்ல மறந்ததை நான் சொன்னேன். அப்புறம் மருத்துவர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அப்பா அதைக் கவனித்தார், எதுவும் சொல்லவில்லை.

கீழே பிள்ளைகள், மேலே பெற்றோர் என்று இரு பக்கமும் கவனித்துக்கொள்ளும் வயதினரை 'சாண்ட்விச் தலைமுறை' என்று 1981-இல் டோரதி மில்லர் என்ற சமூகப் பணியாளர் குறிப்பிட்டார். அந்தப் பெயர் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நசுங்குவது மட்டும்தான் அதில் இருக்கிறது. அப்பாவின் கையைப் பிடித்து நடக்கும்போது எனக்குள் வரும் ஒரு சின்ன கர்வம் அதில் இல்லை. (கர்வம் வாரத்தில் ஒரு நாள், மற்ற ஆறு நாளும் எரிச்சல். அதையும் எழுதிவிடுகிறேன்.)

தம்பிக்குத் தேதியைச் செய்தியாக அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

மார்ச் 14, வெள்ளி

எனக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்று. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.9. அதாவது 5.7-க்கும் 6.4-க்கும் நடுவில், நீரிழிவுக்கு முந்தைய நிலை. ரத்த அழுத்தம் 134/86. மருந்து வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம் என்றார் மருத்துவர்.

வயதாகிவிட்டதால் உடம்பு எரிக்கும் வேகம் குறைந்துவிட்டது, அதனால்தான் எடை ஏறுகிறது என்று பத்து வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் பொய்யாகிவிட்டது. 2021-இல் ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் அதிகமானவர்களின் அளவீடுகளை வைத்து வெளியிட்ட ஆய்வின்படி, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 முதல் 60 வயது வரை அந்த வேகம் பெரிதாக மாறுவதில்லை. மாறியது என் நாற்காலி, என் தூக்கம், என் தசை. முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையலாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போதும் என்றுதான் என் காதில் விழுந்திருந்தது. அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதெல்லாம் சரி. இன்று என்னை உலுக்கியது வேறு.

மாதவிலக்கு ஆறேழு மாதமாகத் தாறுமாறாக வருகிறது. இரவில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை அனல் ஏறுகிறது, ஐந்து நிமிடத்தில் வியர்த்து, அப்புறம் குளிர்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்காம். பெரும்பாலும் 50 வயதை ஒட்டி அது நடக்கும், அதற்கு முன் சில வருடங்கள் இந்தத் தடுமாற்றம் இருக்கும், ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதில் தூக்கமும் மனநிலையும் சேர்ந்து ஆடும் என்று மருத்துவர் விளக்கினார். நான் கேட்டுக்கொண்டே அம்மாவை நினைத்தேன்.

அம்மாவுக்கு என் வயது இருந்தபோது எனக்கு 20. நடு இரவில் போர்வையை உதறிவிட்டு எழுந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். விளக்கைப் போட்டால் சீறுவாள். ஒன்றுமில்லாததற்கு அழுவாள். நான் விடுதியில் சேர்ந்து படிக்கப் போனது அவளுக்குப் பிடிக்கவில்லை, அந்தக் கோபத்தை என் மேல் காட்டுகிறாள் என்று நினைத்தேன். 'உன் சுபாவமே இப்படித்தான்' என்று ஒருமுறை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. இதைப் பற்றிப் பேச அவளுக்கு யார் இருந்தார்கள்?

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. இருபது வயதில் ஒருத்தியின் குணம் என்று நான் தீர்ப்பு எழுதியதில் எவ்வளவு உடம்பு, எவ்வளவு குணம் என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியாது. மகளிடம் மட்டும் இன்று உட்கார வைத்துச் சொன்னேன். "அதான் போன வாரம் கத்தினியா?" என்றாள். "அதில் பாதி" என்றேன். மீதிப் பாதி அவள் அறை கிடக்கும் லட்சணத்துக்கு.

மார்ச் 20, வியாழன்

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மார்ச் 21, வெள்ளி

கட்டு அவிழ்த்தார்கள். மங்கிப் பழுத்துப்போன பழைய வில்லைக்குப் பதில் செயற்கை வில்லை. எனக்கு இறுகிக்கொண்டிருக்கும் அதே வில்லைதான் அவருக்கு மங்கிப்போனது, வரிசையில் நான் கொஞ்சம் பின்னால் நிற்கிறேன், அவ்வளவுதான். பழைய வில்லை நீல நிறத்தை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. திரைச்சீலையைப் பார்த்து, "இது நீலமா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்கு எப்பம்மா இவ்வளவு நரைச்சுது?" என்றார்.

செவிலியர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. வெளியே வந்த பிறகு கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 29, சனி

கல்லூரி விடுதியில் ஒரே அறையில் நான்கு பேர் இருந்தோம். ஒருத்தியோடு இன்னும் பேசுகிறேன். மற்ற இருவருக்கும் பிறந்தநாள் வாழ்த்து மட்டும், அதையும் கைபேசி நினைவூட்டுகிறது.

கைபேசி அழைப்புகளை வைத்து 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாம் தொடர்பில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை 25 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்குகிறது என்று கண்டார்கள். லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் இதை நல்லபடியாகவே பார்க்கிறார்: முன்னால் இருக்கும் காலம் குறுகக் குறுக, மனதுக்கு நெருக்கமானவர்களை மட்டும் நாமே தேர்ந்து வைத்துக்கொள்கிறோம் என்பது அவர் கோட்பாடு. எனக்கு இதில் பாதி சம்மதம். அந்த இருவரையும் நான் தேர்ந்து விலக்கவில்லை. ஒரு அழைப்பை எடுக்க முடியாமல் போனது, திரும்ப அழைக்கத் தாமதமானது, தாமதத்துக்கு வெட்கப்பட்டு இன்னும் தள்ளிப்போட்டது. என் கதை அவ்வளவுதான்.

1938 முதல் ஒரே ஆட்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்துவரும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு (ஆரம்பத்தில் ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள், அந்தக் கால வழக்கம்) சொல்வதும் நினைவுக்கு வந்தது. 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்பதை, 50 வயதில் அவர்கள் உறவுகளில் எவ்வளவு திருப்தியாக இருந்தார்கள் என்பது கொலஸ்ட்ரால் அளவைவிட நன்றாகக் காட்டியதாம். என் கொலஸ்ட்ரால் பரவாயில்லை. மற்றதை எந்தக் கூடத்தில் பரிசோதிப்பது?

ஏப்ரல் 4, வெள்ளி

அலுவலகத்தில் புது மென்பொருள். 25 வயதுப் பெண் அரை மணியில் பிடித்துக்கொண்டாள், எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் அவள் அதில் போட்ட கணக்கைப் பார்த்ததும் எங்கோ இடிக்கிறது என்று எனக்குத்தான் பட்டது. இடித்தது. அறிவுத்திறன் வயதோடு எப்படி மாறுகிறது என்று பார்க்க வார்னர் ஷாய் என்ற உளவியலாளர் 1956-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய நீண்டகால ஆய்விலும் இப்படித்தான்: வேகம் சீக்கிரமே இறங்கத் தொடங்குகிறது, சொல்வளமும் காரண அறிவும் நடுவயதில்தான் உச்சத்தில் இருக்கின்றன. அவள் "நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள். இதே தப்பை நான் 27 வயதில் செய்தேன் என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகளின் கல்லூரி விடுதிப் படிவத்தை அவளே நிரப்பினாள். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் என் பெயர். அப்பாவின் எல்லாத் தாள்களிலும் என் பெயர். மகன் பள்ளியிலும் என் பெயர். கணவரிடம் சொன்னேன். "என்னுதிலயும் உன் பேர்தான்" என்றார், ஏதோ பரிசு கொடுப்பதுபோல.

ஏப்ரல் 8, செவ்வாய்

தசைப் பயிற்சி வகுப்பில் சேரப் படிவம் வாங்கினேன். அவசரத்துக்கு இரண்டு பேர் பெயர் கேட்கிறார்கள், ஒருவர் வேறு வீட்டில் இருப்பவராக இருக்க வேண்டும். முதலாவது கணவர். இரண்டாவது எப்போதும் அப்பாதான். ஆனால் அப்பா இப்போது எங்களோடு இருக்கிறார். அவரை அவசரத்துக்கு அழைத்தால் அவருக்கு ஒரு அவசரம் வந்துவிடும்.

தம்பியும் நானும் அம்மா போன பிறகு சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அப்பா யாரோடு இருப்பது என்பதில் வந்த மனத்தாங்கல். வார்த்தை தடிக்கவில்லை, அதனால் சமாதானம் ஆகவும் வழியில்லாமல் போயிற்று. இரவு எட்டு மணிக்கு அழைத்தேன்.

"சொல்லுக்கா, அப்பாவுக்கு என்ன?"

"அப்பா நல்லா இருக்கார். ஒரு படிவத்துல அவசரத்துக்கு உன் பேரைப் போடணும். போடலாமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "போடு" என்றான். அப்புறம், "உன் ரத்த வகை என்ன?" என்று கேட்டான். சொன்னேன். மாத்திரை ஏதாவது எடுக்கிறேனா என்றான். இல்லை என்றேன். அவன் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எடுக்கிறானாம், மூன்று வருடமாக.

"சொல்லவே இல்லையேடா."

"நீ கேக்கவே இல்லையேக்கா."

பெயர்களைச் சொல்லச் சொன்னேன். கைக்குக் கிடைத்த தாள் அந்தப் படிவம்தான். அதன் பின்பக்கத்தில் அவன் மாத்திரைகளை வரிசையாக, வேளையோடு எழுதிக்கொண்டேன். நாளை வேறு படிவம் வாங்க வேண்டும்.