புரூஃப் பார்க்காத டிசம்பர்

டிசம்பர் 3

மூன்று நாளாக வலக்கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது. தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டேன். இன்று காலை பக்கத்தின் கீழ்ப்பாதியைக் கறுப்புத் திரை ஏறி மறைத்தது. உடனே எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. (1819-இல் தொடங்கியது. சென்னை பற்றிய ஒரு நூலில் இந்த ஆண்டை நானே சரிபார்த்திருக்கிறேன்.) விழித்திரை கிழிந்து விலகியிருக்கிறதாம். மைனஸ் 9 பவர் உள்ள கண்ணுக்கு இந்த ஆபத்து அதிகமாம். நடுப்பகுதி இன்னும் கழலவில்லை. அதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

வீட்டில் நான் பிழை திருத்த வேண்டிய நாலு புத்தகங்களின் புரூஃப் கிடக்கிறது. ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி. 22 வருஷத்தில் ஒரு டிசம்பரைக்கூட நான் விட்டதில்லை.

டிசம்பர் 6

கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். அது மேலே மிதக்கும். நான் கவிழ்ந்திருந்தால் பின்புறத்து விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். ஏழு நாள் இப்படித்தான். சாப்பாடு, தூக்கம் எல்லாம் தரையைப் பார்த்தபடியே. இதைப் போனில் பேசிப் பதிகிறேன். ஒற்று எங்கெங்கே விட்டுப்போகிறதோ! மகள் ராத்திரி திருத்தித் தருவாள்.

டிசம்பர் 8

தாங்க முடியவில்லை. ஒரு ஃபாரத்தை, அதாவது புரூஃபில் ஒரு கட்டுப் பக்கங்களை, தரையில் விரித்து இடக்கண்ணால் படித்தேன். குனிந்த தலைக்கு நேர் கீழே, அதற்கென்றே போட்டது போல் கிடந்தது. இரண்டு பக்கம் போனேன். மதியம் செக்கப்பில் டாக்டரிடம் மறைக்கவில்லை. “ஒரு கண்ணு வரியில ஓடினா மத்ததும் கூடவே ஓடும்மா. கொஞ்ச நாளைக்கு வேண்டாமே” என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். கவிழ்ந்தபடி அழுதால் கண்ணீர் கன்னத்தில் இறங்குவதில்லை, நேரே தரையில் சொட்டுகிறது.

டிசம்பர் 9

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். “உடம்பைப் பாருங்கம்மா, வேற ஆள்கிட்ட குடுத்துக்கறேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ நெஞ்சில் எதுவோ அறுந்தது. நாலு புத்தகத்தின் பணமும் போயிற்று; மகளின் செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருந்த கணக்கு அது.

என்னிடம் வேலை பழகிய தம்பிதான் எடுத்துக்கொள்கிறான். ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தேன்: அந்த ஆசிரியர் ‘முயற்சிக்கிறார்’ என்றே எழுதுவார், ‘முயல்கிறார்’ ஆக்கு. ‘அருகாமை’ வந்தால் ‘அருகில்’ போடு. ஆனால் உரையாடலில் கைவைக்காதே, அது அவர் ஊர்ப் பேச்சு. அவன் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

டிசம்பர் 17

நிமிர்ந்து உட்காரலாம். படிக்கக் கூடாது. குமிழி சுருங்கத் தொடங்கிவிட்டது. மேலே ஒரு விரல்கடை தெளிவு, அதன்கீழ் குடத்து நீர்போல் ஆடும் ஒரு கோடு. நாளாக நாளாகக் கோடு கீழே இறங்குமாம். முழுதும் கரைய இன்னும் ஐந்தாறு வாரம். அதற்குள் புத்தகக் காட்சியே முடிந்துவிடும்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். “அக்கா, கடைசி ஃபாரத்தை மட்டும் கொண்டு வரட்டுமா? ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்.”

வா என்ற சொல் வாய்வரை வந்தது.

“வேண்டாம்பா. நீ பார்த்தது போதும். அச்சுக்கு அனுப்பிடு” என்றேன்.