முப்பத்து மூன்று மேட்ச் தாங்கிய தரை

வார்னர் பார்க் மைதானம் எனக்குப் பழக்கமானது 2006இல். கரீபியக் கடலில் செயின்ட் கிட்ஸ் தீவு, பாஸ்டெர் என்கிற தலைநகரம், ஊருக்குள்ளேயே மைதானம். அங்கே நடந்த முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியும் முதல் டெஸ்டும் இந்தியாவோடுதான். அந்த டெஸ்டில் முனாஃப் படேலின் ஒரே ஓவரில் வெஸ்ட் இண்டீஸ் வீரர் சர்வான் ஆறு பவுண்டரி அடித்தார். அடுத்த வருடம் உலகக் கோப்பையில் அதே மைதானத்தில் தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷல் கிப்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர். சர்வதேச கிரிக்கெட்டில் அதற்கு முன் யாரும் அடித்ததில்லை. ஊரே பேட்ஸ்மேன்களைப் பேசியது. எனக்குக் கண்ணெல்லாம் தரை மேல்தான்.

காரணம் இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் எங்கள் டீமுக்குப் பிட்ச் மேல் மேட் விரித்துப் போடுவது நான்தான். முந்தின நாள் சாயங்காலம் செம்மண்ணுக்குத் தண்ணீர் காட்டுவோம். ஈரம் பாதி இறங்கியதும் உருளை ஓட்டுவோம். காலையில் தென்னை நார் மேட்டை விரித்து ஒரு ஓரத்தில் ஆணி அடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் நாலு பேர் கால் ஊன்றி இழுக்க, நான் ஆணியை இறக்கிக்கொண்டே வருவேன். விரல் நுழையும் அளவு தொய்வு இருந்தால்கூடப் பந்து சொன்ன பேச்சு கேட்காது. மேட்டுக்கு அடியில் சின்னக் கல் கிடந்தால் போதும், குட் லென்த்தில் விழுந்த பந்து நேராக முகத்துக்கு வரும். பல் உடைந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் 2021 சிபிஎல் தொடரை, அதாவது கரீபியன் பிரீமியர் லீக் டி20 போட்டிகளை, வாய் பிளந்து பார்த்தேன். கொரோனா காலம் என்பதால் 33 மேட்சையும் வார்னர் பார்க்கிலேயே வைத்தார்கள். ஆகஸ்ட் 26இல் தொடங்கி செப்டம்பர் 15க்குள் முடித்தாயிற்று. அதுவும் அந்தப் பக்கம் மழையும் புயலும் வரும் மாதங்கள். நடுவில் பல பிட்ச்கள் அடுத்தடுத்து இருக்கும், மாற்றி மாற்றி ஆடலாம், சரி. ஆனாலும் ஒவ்வொரு மேட்சுக்கும் பவுலர் கால் ஊன்றும் இடம் பள்ளமாகும். களிமண் வைத்து இடித்து, நீர் விட்டு, உருட்டி, காய வைக்க வேண்டும். ஃபைனலில் சொந்த ஊர் டீமான பேட்ரியட்ஸ் கடைசிப் பந்தில் ஜெயித்தது. வெற்றி ரன் எடுத்தது டொமினிக் டிரேக்ஸ். எல்லோரும் அவரைத் தூக்கிக் கொண்டாடியபோது, அந்தத் தரையைப் பார்த்துக்கொண்ட ஆட்களையும் தூக்க வேண்டும் என்று தோன்றியது.

செயின்ட் கிட்ஸ், நெவிஸ் இரண்டு தீவும் சேர்ந்து ஒரு நாடு. 261 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை ஐம்பதாயிரத்தைச் சுற்றி. தர்மபுரி நகராட்சியில் மட்டுமே 2011 கணக்குப்படி அதைவிட அதிகம் பேர். நம்மைப் போலவே கரும்பு விளைந்த மண் அது. சர்க்கரைத் தொழிலை 2005இல் மூடிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊர், கிரிக்கெட்டுக்கு எட்டாயிரம் பேர் உட்காரும் அளவில் மைதானம் கட்டி, பக்கத்திலேயே ஃபுட்பால் மைதானம், டென்னிஸ், நெட்பால் கோர்ட் என்று ஒரே வளாகத்தில் வைத்திருக்கிறது. செப்டம்பர் 19 சுதந்திர தின அணிவகுப்பும் அங்கேதான். 2022 ஆகஸ்டில் டிரினிடாடிலிருந்து டீம் சாமான்கள் வந்து சேரத் தாமதமாகி, இந்தியா ஆடிய மேட்ச் நம் நேரப்படி ராத்திரி 11 மணிக்குத் தொடங்கியது நினைவிருக்கும். வெஸ்ட் இண்டீஸ் பவுலர் ஓபெட் மெக்காய் 17 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்த அதே மேட்ச். தீவு என்றால் அந்தச் சங்கடமெல்லாம் உண்டு. அதையும் சமாளித்துத்தான் நடத்துகிறார்கள்.

நம் பக்கம் விளையாடப் பசங்களுக்குப் பஞ்சமே இல்லை. பெரிய ஸ்டாண்ட் இப்போது வேண்டாம். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கனமான உருளை, தினமும் தரையைப் பார்க்கச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள், பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஒரு அறை. இதைத்தான் கேட்கிறேன், போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அதுவரை நம்மால் ஆனது: பொங்கல் டோர்னமென்ட்டுக்கு இந்த முறை பழைய பிட்சுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் தயார் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை கல் பொறுக்க ஆள் வேண்டும். பாலக்கோடு, மாரண்டஹள்ளி தம்பிகள் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள். மண்வெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களிடம் இருப்பது போதாது.