காஸ்டிங் ஷீட்டில் இல்லாத வரி

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில், ஆர்டருக்கு விலை போடும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில், விலை முழுக்க என் கையில் இருப்பதாகவே நம்பினேன். காஸ்டிங் ஷீட் என்னும் செலவுக் கணக்குத் தாளில் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாவற்றிலும் பைசா பைசாவாகச் சுரண்டினால் ஆர்டர் வந்துவிடும் என்பது என் கணக்கு.

ஐரோப்பியப் பையர் ஒருவருக்கு வருஷா வருஷம் ஒரே டி-ஷர்ட் செய்துகொண்டிருந்தோம். வட்டக் கழுத்து, அரைக்கை, 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள சிங்கிள் ஜெர்சி துணி. கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். ஒரு சீசனில் அது பங்களாதேஷுக்குப் போய்விட்டது. "எங்கப்பா விட்டோம்?" என்றார் முதலாளி. நானும் கட்டிங் மாஸ்டரும் உட்கார்ந்து மார்க்கரை, அதாவது துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்ற வரைபடத்தை, மாற்றி மாற்றிப் போட்டு, பீஸுக்கு நாலைந்து கிராம் துணி மிச்சம் பிடித்தோம். அப்போது அது எங்களுக்குப் பெரிய சாதனை.

அப்புறம் ஒருநாள் பையிங் ஏஜென்ட் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "உங்க வெட்டுல ஒரு குறையும் இல்ல தம்பி. அங்கிருந்து வந்தா டியூட்டி கிடையாது."

மிகவும் பின்தங்கிய நாடுகளின் சரக்கை, ஆயுதம் தவிர, 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சுங்கவரி இல்லாமல் உள்ளே விடுகிறது. பங்களாதேஷ் அந்தப் பட்டியலில் இருந்தது. எங்கள் ஆடைக்கு அப்போது சலுகை போக 9.6 சதவீதம் வரி. நூறு ரூபாய் சரக்குக்கு ஒன்பது ரூபாய் அறுபது காசு. எங்கள் லாபமே அவ்வளவு நிற்காது. பையர் கட்டும் வரி என்பதால் எங்கள் ஷீட்டில் அதற்கு இடமே இல்லை.

அங்கே கூலி குறைவு என்பது எங்கள் ஊரில் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். பொய்யில்லை, 2010-ல் அங்கே குறைந்தபட்ச மாதக் கூலி 3,000 டாக்காதான். ஆனால் பெரிய ஆர்டர் என்றால் ஒரே ஸ்டைல் வாரக்கணக்கில் ஒரே லைனில் ஓடும், தைப்பவர் கை பழகிவிடும். எங்களிடம் ஸ்டைல் மாறிக்கொண்டே இருக்கும். மாறிய அன்று புரொடக்‌ஷன் பாதிக்கு விழும்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றைக் கெடுத்தது நாங்கள்தான், தீர்ப்பில் தப்பில்லை. சாயம் ஏற்றாத கோராத் துணியை லாரியில் வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றினோம். உடம்பு ஒரு ஷேடு, கழுத்துப் பட்டியான ரிப் ஒரு ஷேடாக வந்து நின்றது.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். இனி ஆர்டர் இங்கே திரும்பும் என்று ஆபீசில் சிலர் பேசினார்கள். மறைப்பானேன், நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்தேன். அந்த டி-ஷர்ட் திரும்பவில்லை. பையர்கள் கட்டடப் பாதுகாப்புக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அங்கேயே தொடர்ந்தார்கள்.

இப்போது நாங்கள் அதிகம் செய்வது குழந்தைகள் ஆடை. சின்ன ஆர்டர், நிறைய கலர், பிரிண்ட், எம்பிராய்டரி. ஷீட் போட உட்கார்ந்தால், பையர் நாட்டு டியூட்டியை ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் நூல் விலைக்கே வருகிறேன்.