வீராணத்து மீன்களின் வாய்

லால்பேட்டைப் பக்கம் வீராணம் ஏரிக்கரையில் நேற்று மீன் வாங்கப் போனவன் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மீன் அரியும் அக்கா ஒரு கட்லாவைத் தூக்கிக் காட்டினார். கீழ்த்தாடை துருத்திக்கொண்டு வாய் மேலே பார்த்திருந்தது. மேல்மட்டத் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அள்ளுகிற வாய். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது, அடிச்சேற்றில் மக்கிக் கிடப்பதைத் தின்கிறது. ரோகு இரண்டுக்கும் நடுவில். ஒரே ஏரியில் மூன்று மாடிக் குடித்தனம்!

மிர்காலின் வயிற்றைக் கீறியதும் குடல் சுருள் சுருளாக வந்தது, உள்ளே கரும்பச்சைச் சேறு. "விராலுக்கு இவ்வளவு நீளம் கிடையாது தம்பி, அது மீனைத் தின்கிற மீன்" என்றார். அடுத்து அரிந்த விராலின் குட்டைக் குடலுக்கு மேலே, இரைப்பையில், பாதி செரித்த கெண்டைக் குஞ்சு ஒன்று. வால் மட்டும் அப்படியே இருந்தது. கோரை ஓரம் அசையாமல் கிடந்து பாய்ந்திருக்கும்.

ஜிலேபி எனும் திலாப்பியா மீன், 1952இல் இந்தியாவுக்கு வந்த விருந்தாளி. பாசி, புழு, பிற மீன்களின் முட்டை என எதையும் விடாது. தன் முட்டைகளை மட்டும் தாய்மீன் வாய்க்குள் வைத்துக் காக்கும். எனக்கு அதன்மேல் கோபம் உண்டு, வறுத்து வைத்தால் மறந்துவிடுகிறேன்.

கடைசியில் வாங்கியது விரால்தான். விலையைக் கேட்ட அம்மா இன்னும் என்னிடம் பேசவில்லை.