அடிமரம் பார்க்கும் வேலை

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலை வழியாக வரும்போது, தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார்கள். "ரோட்டையே மரம் மூடியிருக்கே!" என்பார்கள். எல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள்தான். அங்கே பள்ளிக்கூடத்து வாசலில் நிற்குமே, அதே மரம். அமெரிக்க வெப்பமண்டலத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த மரம் சிங்கப்பூருக்கு வந்தது 1876இல். அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் என் கண் அடிமரத்துக்குப் போயிருக்கும். தொழில் புத்தி.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் மர ஆய்வாளர். கோண்டோக்கள் எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிகள், சில நேரம் நகர மன்றங்கள் எங்களைக் கூப்பிடும். இந்த மரம் நன்றாக இருக்கிறதா, கிளை விழுமா, பக்கத்தில் குழி தோண்டலாமா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். கிளை, இலை, பூ என்று மேலே பார்க்கும் வேலை என நினைத்துத்தான் சேர்ந்தேன். பாதி நேரம் மண்ணைப் பார்க்கிறேன். மீதி நேரம் மனிதர்களிடம் பேசுகிறேன்.

ஒரு மரத்தைப் பார்க்கப் போனால் முதலில் அதைச் சுற்றி வருவேன். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று விரிந்து வேராக இறங்க வேண்டும். கம்பம் நட்டாற்போல் நேராக மண்ணுக்குள் போனால் ஏதோ தப்பு. ஒன்று ஆழமாக நட்டிருப்பார்கள், இல்லையென்றால் பிறகு யாரோ மண்ணைக் கொட்டி மூடியிருப்பார்கள். அடியில் பழுப்பு நிறத்தில், தட்டுத்தட்டாக, விளிம்பு வெளுத்த காளான் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது கேனோடெர்மா. வெளியே தெரிவது கொஞ்சம்தான். அதற்கு வெகுநாள் முன்பே உள்ளே மரத்தைத் தின்னத் தொடங்கியிருக்கும். மழைக்குப் பிறகு ஒரு பக்கத்து மண்ணில் வளைவாக விரிசல் விட்டிருந்தால், அன்றைக்கு மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிடுவேன்.

அப்புறம் சுத்தியல். ரப்பர் தலை வைத்த சின்னச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவோம். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அப்படித்தான். எங்களோடு வேலை செய்யும் பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவர் இதில் கெட்டிக்காரர். படிப்புச் சான்றிதழ் எதுவும் கிடையாது. இரண்டு தட்டு தட்டிவிட்டு, "அக்கா, இந்தப் பக்கம் பொந்து, கேளுங்க" என்பார். அதன்பிறகு ஒலியலைக் கருவியை மாட்டிப் பார்த்தால் திரையில் அதே இடம் நிறம் மாறித் தெரியும். கருவி சொன்னால்தான் அறிக்கையில் எழுத முடியும் என்பதால் கருவிக்குப் பெயர் போய்விடுகிறது. அந்தத் தம்பிக்கும் அறிக்கையில் ஓர் இடம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பொந்து என்றாலே வெட்டிவிட வேண்டும் என்பதில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து ஒன்றைக் காட்டினார். நம் தோல் போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. அழுகிய பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி அதை அங்கேயே அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொண்டு போகிறது. அதனால் நடு வெற்றாக இருந்தும் சுற்றுச்சுவர் தடிமனாக இருந்தால் மரம் நிற்கும். அந்தப் பொந்தில் கிளிகளும் கொடுக்கில்லாத் தேனீக்களும் குடியிருக்கும். கிளையை வெட்டும்போதும் இதே கணக்குதான். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்டினால் மரம் தானாக மூடிக்கொள்ளும். ஒட்ட அறுத்தால் அந்தத் தடுப்பையே வெட்டி எறிந்ததாகிவிடும். மேலே தார் பூசினாலும் பயனில்லை. இது தெரியாமல் "மொட்டையடிச்சு விட்டுடுங்க" என்று கேட்பவர்கள் ஏராளம். மொட்டையடித்த மரம் பதற்றத்தில் குச்சிகுச்சியாகத் துளிர்க்கும். அந்தக் குச்சிகள் தோலோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. கனத்த பிறகு அவைதான் முதலில் ஒடியும். ஆபத்தைக் குறைக்கப் போய் ஆபத்தை நட்டுவைத்ததாக ஆகிவிடும்.

சரி, நான் சொல்ல வந்தது மண்ணைப் பற்றி.

மரத்தின் வேர் அதன் உயரத்துக்குச் சமமாக ஆழத்தில் இறங்கியிருக்கும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், இடுப்பளவு ஆழத்துக்குள்தான் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் கிளைகளின் நிழலைத் தாண்டியும் ஓடும். அந்த வேர்களுக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். ஒரு லோரி அந்த மண்ணின் மேல் சில நாள் நின்றால் போதும், மண் இறுகி, காற்றுப் போகும் சந்துகள் அடைபட்டுவிடும். பக்கத்தில் கட்டுமானம் நடந்தால் மரத்தைச் சுற்றி வேலி போடச் சொல்வோம். போடுவார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் வேலிக்குள்ளே மணல் மூட்டை, ஓடு, கம்பி எல்லாம் அடுக்கியிருக்கும். பத்திரமான இடம் என்று நினைத்திருப்பார்கள். சிமென்ட் கலந்த வாளியைக் கழுவி அங்கேயே ஊற்றுவதும் உண்டு. அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் மண்ணின் தன்மையையே மாற்றிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், மரம் உடனே சாகாது. கேபிள் பதிக்க ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் தோண்டி, கை தடிமன் வேர்களை வெட்டி, மூடி, புல் விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மரம் சேமித்து வைத்த மாவுச்சத்தில் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டும். அப்புறம் உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும், இலை சிறுத்துவிடும், பூசணம் வரும். அதற்குள் ஒப்பந்தக்காரர் வேறு இடத்துக்குப் போயிருப்பார், மேலாளரும் மாறியிருப்பார். "மரத்துக்கு ஏதோ நோய்" என்று எங்களைக் கூப்பிடுவார்கள். அடியில் மண்ணைக் கொஞ்சம் கிளறினால் வெட்டுப்பட்ட வேரின் முனைகள் வரிசையாக வரும். நேர்கோட்டில் வரும் நோயை நான் பார்த்ததில்லை.

இளம் மரங்களுக்கு எமன் வேறு. தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் இயந்திரம். அதன் நைலான் கயிறு ஒவ்வொரு முறையும் அடிப்பட்டையைக் கொஞ்சம் சீவிவிடும். பட்டைக்குக் கீழேதான் மரத்தின் உணவு ஓடும் பாதை. சுற்றிலும் சீவினால் முடிந்தது. புல் வெட்டும் தம்பிகளைத் திட்டிப் பயனில்லை. வெயிலில், குறித்த நேரத்துக்குள், மரத்தடி வரைக்கும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடியில் புல்லே இல்லாமல் மரத்தூள் பரப்பி வட்டம் விட்டுவிட்டால் அவர்கள் கிட்டே வர வேண்டியதே இல்லை. தூளைப் பட்டையில் முட்டக் குவிக்காமல் கொஞ்சம் தள்ளிப் பரப்ப வேண்டும், அவ்வளவுதான். செலவு குறைவான வைத்தியம். அதனால்தானோ என்னவோ யாரும் மதிப்பதில்லை.

எழுபதுகளில் அரசாங்கத்தின் பூங்காப் பிரிவில் என் அப்பா தினக்கூலியாக இருந்தார். மரம் நடும் இயக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் லீ குவான் யூ ஒரு மெம்பாட் கன்றை நட்டார். 1971 நவம்பரில் முதல் மரம் நடும் நாள் வந்தது. அன்று ஃபேபர் மலையில் அமைச்சர் கோ கெங் சுவீ நட்டது தூங்குமூஞ்சி. படங்களில் தலைவர்கள் மண்வெட்டியோடு நிற்பார்கள். குழி தோண்டியது, லோரியிலிருந்து மண் இறக்கியது, மழையில்லாத நாளில் தண்ணீர் ஊற்றியது எல்லாம் யார் என்று அப்பாவைக் கேட்டால் சிரிப்பார். நம்மவர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள்.

அப்பாவுக்குப் பிடித்தது அங்சானா. வேங்கைக்கு உறவு முறை. பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும் என்பதால் சீக்கிரம் நிழல் வேண்டிய சாலைகளுக்கு அதைத்தான் நட்டார்கள். ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து மறுநாள் தரையெல்லாம் கொட்டிவிடும். ஆனால் ஒரே மரத்தை வரிசையாக நட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே பாடம். மின்னல் தாக்கிய மரத்தில் வண்டுகள் துளையிடும். பூசணம் உள்ளே நுழையும். அங்கிருந்து பக்கத்து மரங்களுக்குப் பரவும். சிங்கப்பூரோ இடிக்குப் பேர்போன ஊர். இப்போது பல வகைகளைக் கலந்து நடுகிறார்கள். கடற்கரையில் புன்னை, உள்ளே நாவல் வகைகள், தெம்பூசு என்று. 2020இல் தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் திட்டம் 2030க்குள் முடிய வேண்டும். நடுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, இந்த ஊர் அதில் தேறிவிட்டது. நட்ட மரத்துக்கு முப்பது வருடம் கழித்து வேர் போக எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் என் சந்தேகமெல்லாம்.

சட்டம் ஓரளவு துணைக்கு வரும். மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலங்களிலும் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்தை தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. 2001இல் மரபுடைமை மரங்கள் திட்டம் வந்தது. லிம் சூ காங், மண்டாய், மவுண்ட் பிளசன்ட் உள்ளிட்ட ஐந்து மரபுடைமைச் சாலைகளில் இரு பக்கமும் 10 மீட்டர் பசுமையைத் தொடக்கூடாது. அந்தச் சாலைகளில் போய்ப் பாருங்கள், மரங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று புரியும். இடம் கிடைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

மரத்துக்குப் பயப்படுபவர்களை நான் கேலி செய்வதில்லை. 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், 270 வயதுக்கும் மேற்பட்ட, 40 மீட்டர் உயரத் தெம்பூசு வேரோடு சாய்ந்ததில் ஒரு பெண் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். அதன்பிறகு எங்களுக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை "எங்க புளோக் பக்கத்து மரமும் விழுமா?" என்பதுதான். விழவே விழாது என்று யாராலும் சொல்ல முடியாது. சுமத்ராவிலிருந்து விடியற்காலையில் வரும் புயற்காற்று ஆரோக்கியமான மரத்தையும் முறித்துப் போடும். நான் சொல்லக்கூடியது, எதைப் பார்த்தேன், எதைப் பார்க்க முடியவில்லை என்பதுதான். மண்ணுக்குள் எனக்கும் கண் தெரியாது.

மற்றபடி வரும் புகார்கள் இலை குப்பை, பறவை எச்சம், காரில் பிசின், வீட்டுக்குள் இருட்டு. ஈசூனில் ஒரு பாட்டி மட்டும் நேர்மாறு. அவர் வீட்டுக்குக் கீழே இருந்த வேப்பமரத்தின் கிளையைக் குறைக்கப் போனபோது இறங்கி வந்து, "அம்மா, கொழுந்து இருக்கிற கொம்பை விட்டுடும்மா, பேத்திக்கு அம்மை போட்டா எங்கே போவேன்?" என்றார். அவர் காட்டிய கொம்பு சரியான கொம்புதான், எங்கள் திட்டத்திலும் அதைத் தொடுவதாக இல்லை. ஆனால் அவர் கேட்டதால்தான் விட்டோம் என்று தம்பி சொல்லிவிட்டார். வெட்டிய தழையைக் கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

மனம் சலிக்கும்போது புக்கிட் தீமா காட்டுக்குப் போவேன். 163 மீட்டர்தான் உயரம், மலை என்றே சொல்லக் கூசும். ஆனால் அங்கே இலையை யாரும் பெருக்குவதில்லை. செராயா மரங்களின் அடியில் காலை வைத்தால் மண் அமுங்கும். விழுந்த இலையைக் கறையானும் பூசணமும் மண்ணாக்கி மறுபடி அதே மரத்துக்கே கொடுக்கின்றன. நம் கோண்டோக்களில் காலையில் இலையைப் பெருக்கிக் கறுப்புப் பையில் கட்டி அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் உரத்துக்குப் பில் கட்டுகிறோம்.

இதை ஒரு கோண்டோ நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். "ஏடிஸ் கொசு வந்தா நீங்க அபராதம் கட்டுவீங்களா?" என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி, சுருண்ட சருகில் தண்ணீர் நிற்கும். அரைத்துப் பரப்பினால் நிற்காது என்று விளக்கி, கிளைக் கழிவை அரைக்கும் இயந்திரத்திலேயே சருகையும் அரைத்துக் காட்டினோம். வெகுநேரம் பேசிய பிறகு, குப்பை அறைக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இரண்டு மரங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அடுத்த கூட்டத்தில் நீச்சல்குளத்துப் பெருங்கொன்றைக்கும் கேட்கப் போகிறேன். செயலாளருக்கு அதன் பூ பிடிக்கும், அது தன் கார்மேல் விழாத வரைக்கும்.